ஓவர்ஹாலுக்குப் பிறகு முதல் பறப்பு: வீட்டில் கட்டிய விமானத்தை மறுபடி மேலே கொண்டுபோவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் கட்டிய, இரண்டு பேர் உட்காரும் விமானம். பல ஆண்டுகள் ஒழுங்காகப் பறந்தது. லைகோமிங் நிறுவனத்தின் 160 குதிரைத்திறன் ஓ-320 இன்ஜின், பிட்ச் (இதழின் கோணம்) மாறாத ப்ரொப்பெல்லர். இன்ஜினை இறக்கி, முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்து, புது சிலிண்டர்கள் போட்டு, திரும்ப ஏற்றியாகிவிட்டது. புது விமானத்தைச் சோதிப்பதுபோல முதலில் தரையில் நிறைய ஓட்டிப் பார்த்து, ஓடுபாதையில் வேகமாக உருட்டிப் பார்த்து (டாக்ஸி செய்து), மெதுவாக ஒரு சுற்று அடித்து இறங்கினால் போதுமா?

போதாது. அதோடு, அந்தத் திட்டத்தில் பாதி உங்கள் புது சிலிண்டர்களைக் கெடுக்கும். புது விமானத்தைச் சோதிக்கும்போது இறக்கையும் வாலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதே தெரியாது. அதனால் நிதானம், குறைந்த பவர், குட்டிக் குட்டிப் படிகள் என்று போகிறோம். உங்கள் விமானம் பறக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரியாதது இன்ஜின் மட்டும்தான். புது ரிங் (சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்) போட்ட இன்ஜினுக்கு நிதானம் ஆகாது. அதற்கு வேண்டியது அதிக பவர், நல்ல காற்றோட்டம், தரையில் குறைந்த நேரம். ஆகவே இதை விமானத்தின் சோதனையாக நினைக்காமல் இன்ஜினின் சோதனையாகத் திட்டமிடுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

முதலில், எது கெட்டுப்போகும் என்று பார்ப்போம். ஓவர்ஹால் ஆன இன்ஜின் என்றதும் எல்லோரும் பயப்படுவது கிராங்க் உடையும், கனெக்டிங் ராடு போய்விடும் என்றுதான். நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் சில மணி நேரத்தில் இன்ஜினை நிறுத்துவது பெரும்பாலும் அதைவிட அற்பமான விஷயங்கள்: கையால் மட்டும் முடுக்கிவிட்டு ஸ்பானர் போட மறந்த எரிபொருள் குழாய் நட், இன்டேக் குழாயில் அடைத்து வைத்த துணி, காட்டர் பின் (கழன்றுவிடாமல் தடுக்கும் ஊசி) போடாத த்ராட்டில் கேபிள், மாற்றிச் செருகிய மேக்னெட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) வயர். கழற்றி மாட்டிய இடங்கள்தான் ஆபத்தான இடங்கள்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது சி.எச். வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர், விமானப்படையின் கடலோரப் பிரிவில் லிபரேட்டர் விமானங்களின் பராமரிப்புப் பதிவுகளை அலசினார். 50 மணி நேரப் பரிசோதனை முடிந்து வெளியே வந்த உடனேதான் எதிர்பாராத பழுதுகள் அதிகமாக இருந்தன. பறக்கப் பறக்க அவை குறைந்துகொண்டே போயின. அதாவது, சரியாக ஓடிக்கொண்டிருந்ததில் கை வைத்ததே சில பழுதுகளுக்குக் காரணம். நீங்கள் கை வைத்திருப்பது ஒரு போல்ட்டில் அல்ல, முழு இன்ஜினில். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும், இன்ஜின் சார்ந்த கோளாறும் பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முதலிரண்டு இடங்களில் இருந்தன. இந்த இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு: இன்ஜின் நிற்கிறது, பைலட் பதறித் திரும்புகிறார், ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிறது.

அதனால் சோதனைப் பறப்பின் பெரும்பகுதி தரையில், கவுலிங் (இன்ஜினை மூடும் உறை) கழற்றிய நிலையில் நடக்கிறது. ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தடுப்பு) முன்னால் இருக்கும் ஒவ்வொரு நட்டையும் இன்னொருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மாட்டியதை நீங்களே பார்த்தால், கண் பார்க்க நினைப்பதைத்தான் பார்க்கும். பார்ப்பவர் மெக்கானிக்காக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும், "இது முடுக்கியாச்சா, எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிற ஆள் போதும். டார்க் ரெஞ்ச் போட்டு முடித்த நட்டில் மட்டும் நிறக்கோடு போடுவது என்று வைத்துக்கொண்டால், கோடு இல்லாத நட் தானாகக் கண்ணில் படும். த்ராட்டில் (பவரைக் கூட்டிக் குறைப்பது), மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றுவது), கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடுவது) மூன்றையும் காக்பிட்டிலிருந்து ஒருவர் அசைக்க, இன்ஜின் பக்கம் உள்ள லீவர் இரு முனையிலும் ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். காக்பிட்டில் லீவர் முழுக்கப் போய்விட்டது என்பதற்காகக் கார்புரேட்டர் முழுக்கத் திறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

பலர் செய்யாமல் தாண்டிப்போகும் ஒரு சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்: எரிபொருள் ஓட்டச் சோதனை. "பழைய குழாய்தானே, முன்பு ஓடியதே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இன்ஜினை இறக்கும்போது குழாயைக் கழற்றியிருக்கிறீர்கள், ஹோஸ் மாற்றியிருக்கிறீர்கள், விமானம் மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கிறது. டேங்குக்குள் காற்று போகும் வென்ட் துளையில் பூச்சி கூடு கட்ட அத்தனை நாள் தேவையே இல்லை.

கணக்கு எளிது. முழு பவரில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 160ஆல் பெருக்கினால் 88 பவுண்டு, அதாவது மணிக்குச் சுமார் 55 லிட்டர். பம்ப் வைத்து ஏற்றும் அமைப்பு என்றால் இதில் 125 சதவீதம் வர வேண்டும்: மணிக்கு 69 லிட்டர். மேலே டேங்க் வைத்து தானாக இறங்கும் அமைப்பு என்றால் 150 சதவீதம்: மணிக்கு 83 லிட்டர். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதே உயரத்தில் அளவு போட்ட கேனில் விடுங்கள். 5 நிமிடத்தில் பம்ப் அமைப்பில் 6 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவும், தானாக இறங்கும் அமைப்பில் 7 லிட்டரும் சேர வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். விமானத்தின் மூக்கு, ஏறும்போது இருக்கும் கோணத்தைவிடச் சற்று அதிகமாகவே தூக்கி நிற்க வேண்டும். தட்டையான தரையில் நிற்க வைத்து அளந்தால் அது டேக்-ஆஃப் நிலை ஆகாது. அப்புறம், டேங்க் மூடியை இறுக மூடிவிட்டு அளக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் வென்ட் அடைத்திருப்பது தெரியவே தெரியாது. ஒவ்வொரு டேங்கையும் தனித்தனியாக, அளவு குறைவாக இருக்கும்போது அளந்து பாருங்கள். திறந்த வெளியில், விமானத்துக்கும் கேனுக்கும் எர்த் வயர் போட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஓட்டம் தொடக்கத்தில் நன்றாக இருந்து மூன்றாவது நான்காவது நிமிடத்தில் மெலிந்தால், வென்ட்டையோ வடிகட்டியையோ சந்தேகப்படுங்கள். இந்தக் கோளாறு ஆகாயத்தில் வந்தால் சரியாக டேக்-ஆஃப் முடிந்து ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும்.

இனி ஸ்டார்ட் செய்வது. பிரித்து மாட்டிய இன்ஜினில் ஆயில் குழிகள் எல்லாம் காலியாக இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் 20 பிஎஸ்ஐயாவது (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு) காட்டும் வரை போக வேண்டும். நடுநடுவே ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள். அதற்குப் பிறகுதான் பிளக் மாட்டி உண்மையான ஸ்டார்ட். 30 விநாடிக்குள் ஆயில் பிரஷர் வராவிட்டால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் சில நிமிடம் மட்டும், மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து, ஆயிரம் ஆயிரத்து இருநூறு ஆர்பிஎம்மில். அணைத்துவிட்டு எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிண்டர் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு இரண்டாவது ஓட்டம்: மேக்னெட்டோ சோதனை, கார்ப் ஹீட், ஐடில் (த்ராட்டிலை மூடிய நிலையில் ஓடும் வேகம்), கடைசியில் சில விநாடிகள் முழு பவர். மேக்னெட்டோ ஒன்றை அணைத்தால் 175 ஆர்பிஎம்முக்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50க்குள் இருக்க வேண்டும். முழு பவரில் நின்ற இடத்தில் எத்தனை ஆர்பிஎம் வருகிறது என்பதை ஓவர்ஹாலுக்கு முன் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அதே ப்ரொப்பெல்லர், அதே வெயில் என்றால் எண்ணும் கிட்டத்தட்ட அதேதான் வர வேண்டும். குறைந்தால் எங்கேயோ பவர் போகிறது. த்ராட்டில் முழுக்கத் திறக்கவில்லை, டைமிங் தள்ளியிருக்கிறது, அல்லது ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மிக்ஸ்சரை ஐடில் கட்-ஆஃபுக்கு (பெட்ரோலை நிறுத்தும் நிலை) இழுக்கும்போது நிற்பதற்கு முன் ஆர்பிஎம் லேசாக ஏற வேண்டும். அதுவும் பார்க்க வேண்டிய ஒன்று. ஐடில் வேகத்தைச் சும்மா விடாதீர்கள். அதிகமாக வைத்திருந்தால் இறங்கும்போது விமானம் மிதந்துகொண்டே ஓடுபாதையைத் தின்னும். குறைவாக வைத்திருந்தால் ஃப்ளேரில் (தரை தொடுமுன் மூக்கைத் தூக்கும்போது) இன்ஜின் நின்றுவிடும்.

சரி, தரையில் இதற்கு மேல் ஏன் ஓட்டக்கூடாது? புது சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருக்காது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். அந்தக் கீறலின் மேடுகளும் ரிங்கின் விளிம்பும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு பொருந்த வேண்டும். அதற்கு, எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நன்றாக அழுத்த வேண்டும். அது அதிக பவரில்தான் நடக்கும். குறைந்த பவரில் ரிங் ஆயில் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஆயில் சூட்டில் கருகிக் கீறல்களுக்குள் கெட்டியாகப் படியும். ஒரு தடவை அப்படிப் பளபளத்துவிட்டால் ரிங் உட்காரவே உட்காராது. ஆயில் குடித்துக்கொண்டே இருக்கும். சிலிண்டரைக் கழற்றித் திரும்ப ஹோன் செய்வதை (கீறல் போடுவதை) தவிர வேறு வழியில்லை. நின்ற இடத்தில் ஓட்டும்போது காற்றும் போதாது, அதனால் சூடும் ஏறும். வேகமாக டாக்ஸி செய்யும் யோசனைக்கும் இதே பதில்தான். அது உங்களுக்குத் தெரியாத எதையும் சொல்லித் தராது. பிரேக்கும் இன்ஜினும் சூடானதுதான் மிச்சம்.

யார் ஓட்டுவது? இந்தக் கேள்விக்குப் பலர் மனம் கோணுவார்கள். இன்ஜின் மாதக்கணக்கில் கழற்றிக் கிடந்தது என்றால் நீங்களும் மாதக்கணக்கில் அந்த விமானத்தில் உட்காரவில்லை. கோளாறு வந்தால் கை தானாகச் சரியானதைச் செய்ய வேண்டும். ஆறு மாதத் துரு பிடித்த கை செய்யாது. அதே வகை விமானத்தில் யாரோடாவது போய்ச் சில மணி நேரம் பறந்து, பவர் இல்லாமல் இறங்குவதைப் பழகிவிட்டு வாருங்கள். அது முடியாது என்றால் அதே வகையில் இப்போது வழக்கமாகப் பறந்துகொண்டிருப்பவரிடம் சாவியைக் கொடுங்கள். என் கருத்தில் இரண்டாவது வழி பல சமயம் நல்லது. சொந்தக்காரர், வயலில் இறக்க வேண்டிய நேரத்தில், விமானம் நசுங்கிவிடுமே என்று ஓடுபாதை வரை இழுத்துப் பார்ப்பார். மற்றவருக்கு அந்தப் பாசம் இருக்காது.

பயணி யாரும் வேண்டாம். அமெரிக்க விதியே இதைச் சொல்கிறது: பறக்கும் தன்மையையோ இயக்கத்தையோ கணிசமாகப் பாதித்திருக்கக்கூடிய பராமரிப்புக்குப் பிறகு, தகுதியுள்ள பைலட் ஒருவர் ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் பயணியை ஏற்றலாம். இன்ஜின் மாடலோ குதிரைத்திறனோ ப்ரொப்பெல்லரோ மாறியிருந்தால் அது பெரிய மாற்றம் என்ற கணக்கில் வரும். அப்போது வேறு நடைமுறை. உங்கள் விமானத்தின் இயக்க வரம்புகள் அடங்கிய தாளை எடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ எடை குறைந்ததாக மாற்றியிருந்தால் எடைச் சமநிலையையும் திரும்பப் போட்டுவிடுங்கள். இன்ஜின் பக்கம் குறையும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தைப் பின்னால் தள்ளும்.

நாள் என்று பார்த்தால், குளிர்ந்த காலை நேரம், ஓடுபாதை நெடுக வீசும் லேசான காற்று, தெளிந்த வானம். ஓடுபாதை நீளமாகவும், அதன் இரு முனையிலும் இறங்க இடம் உள்ளதாகவும் இருந்தால் நல்லது. கீழே ரேடியோவும் தீயணைப்பானும் போனும் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும்.

எந்த டேங்கில் ரன்-அப் (டேக்-ஆஃபுக்கு முன் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது) செய்கிறீர்களோ அதே டேங்கில் டேக்-ஆஃப் செய்யுங்கள். ஓடுபாதையின் நேர் மேலே நல்ல உயரம் கிடைக்கும் வரை, டேங்கை மாற்றும் செலக்டரைத் தொடாதீர்கள். 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் இறந்தது வீட்டில் கட்டிய ஒரு லாங்-ஈஇசட் விமானத்தில். அதில் எரிபொருள் செலக்டர் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதை எட்டித் திருப்ப முயன்றபோதே விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. அந்த விமானம் அவருக்குப் புதிது. இன்ஜின் விழுங்கி விழுங்கி ஓடும்போது தலையைத் திருப்பி எதையாவது தேட வேண்டியிருந்தால், அது எந்த விமானமாக இருந்தாலும் ஆபத்துதான்.

டேக்-ஆஃபுக்கு முன்பே, எங்கே கைவிடுவது என்று ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் பாதியில், தரையை விட்டு எழும் வேகத்தில் 70 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்பது பழைய, நல்ல கணக்கு. வரவில்லையா, த்ராட்டிலை மூடுங்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்ததும் மூன்றே மூன்று பாருங்கள்: ஆர்பிஎம், ஆயில் பிரஷர், எரிபொருள் பிரஷர். ஒன்று சரியில்லை என்றாலும் நின்றுவிடலாம்; ஓடுபாதை இன்னும் முன்னால் இருக்கிறது.

எழுந்த பிறகு இன்ஜின் நின்றால் என்ன என்பதை இங்கே அவசரப்படாமல் யோசித்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கே யோசிக்க நேரம் இருக்காது. திரும்பி ஓடுபாதைக்கே வரும் ஆசைதான் பலரைக் கொன்றிருக்கிறது. 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்கு இணையாக, அதன் பக்கவாட்டில் வந்து நிற்பீர்கள்; அதன் மேலேயே வர வேண்டுமானால் அதைவிட அதிகம் திரும்பி, பிறகு கொஞ்சம் எதிர்த் திருப்பமும் வேண்டும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் சுமார் 19 சதவீதம் ஏறுகிறது, 60 டிகிரியில் 41 சதவீதம். உங்கள் விமானத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை ஓவர்ஹாலுக்கு முன் அளந்திருந்தால் நல்லது. உயரத்தில் ஏறும் வேகத்தில் போய், த்ராட்டிலை மூடி, நான்கு விநாடி கைகட்டி இருந்துவிட்டு (நிஜத்தில் அவ்வளவு நேரம் திகைத்துத்தான் இருப்பீர்கள்), பிறகு திரும்பி, எத்தனை அடி போயிற்று என்று பாருங்கள். வந்த எண்ணோடு பாதியைக் கூட்டுங்கள். ஐடிலில் ஓடும் இன்ஜினை விட, செத்துப்போய்க் காற்றில் சுற்றும் ப்ரொப்பெல்லர் அதிகம் இழுக்கும். அளந்தபோது கிடைத்த சறுக்கல் அன்றைக்குக் கிடைக்காது. அந்த உயரம் வரும் வரை, மூக்கை இறக்கி நேராக, இரு பக்கமும் கொஞ்சம் விலகி, கிடைக்கிற இடத்தில் இறங்குவதுதான் திட்டம். ரன்-அப் முடிந்ததும் அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.

ஏறும்போது செங்குத்தாக ஏறாதீர்கள். பாதுகாப்பான உயரம் வந்ததும் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் கூட்டினால் சிலிண்டர்களுக்குக் காற்று கிடைக்கும். மிக்ஸ்சர் முழு ரிச், அதாவது பெட்ரோல் அதிகபட்சம். ஓடுபாதைக்கு மேலேயே வட்டமடித்து ஏறுங்கள். ஒரு பங்கு இறங்கினால் எட்டுப் பங்கு முன்னே போகும் விமானம் என்றால் 3,000 அடியிலிருந்து காற்றில்லாத நாளில் சுமார் 7 கிலோமீட்டர் சறுக்கலாம். அதில் பாதியைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அந்த வட்டத்தைத் தாண்டாதீர்கள். மிக உயரமாகவும் போக வேண்டாம். டர்போ இல்லாத இன்ஜினால் சுமார் 8,000 அடி அடர்த்தி உயரத்துக்கு (வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட உயரம்) மேல் 75 சதவீத பவரே கொடுக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது அந்த 75 சதவீதம்தான்.

முதல் ஒரு மணி நேரம் 75 சதவீதத்தில் ஓட்டுங்கள். இரண்டாவது மணி நேரம் 65க்கும் 75க்கும் இடையே மாற்றி மாற்றி. லைகோமிங் சொல்வதும் இதையொட்டித்தான். இருபது நிமிடத்தில் இறங்கிக் கவுலிங்கைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் போக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் தவறு இல்லை. ஆனால் தரையில் முழு பவரில் கசிவு பார்த்துவிட்டீர்கள், ஓடுபாதை உங்கள் கீழேயே இருக்கிறது, எல்லா முள்ளும் பச்சையில் நிற்கிறது என்றால், நான் ஒரு மணி நேரம் மேலேயே இருக்கச் சொல்வேன். ஒவ்வொரு இறக்கமும் குறைந்த பவரில் ஓட்டும் ஒரு காலம், ஒவ்வொரு ஏற்றமும் ஓர் ஆபத்தான நிமிடம்.

அந்த ஒரு மணி நேரமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சிலிண்டர் ஹெட் சூட்டைப் பாருங்கள். லைகோமிங்கின் சிவப்புக் கோடு 500 டிகிரி ஃபாரன்ஹீட். அதை ஓர் எல்லையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது வரை போகலாம் என்று அல்ல. 435ஐத் தொடுகிறது என்றால் மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் கூட்டி, அதிலும் அடங்காவிட்டால் பவரைக் கொஞ்சம் குறையுங்கள். தேய்மானச் சூட்டால் முதலில் நான்கு சிலிண்டரும் வழக்கத்தைவிட அதிகம் காட்டும். பிறகு ஒரு கட்டத்தில், நீங்கள் எதையும் தொடாமலேயே, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். ரிங் உட்கார்கிறது என்பதற்கு ஆகாயத்திலேயே கிடைக்கும் சான்று அதுதான். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகவே நின்றால், காற்றைச் சிலிண்டருக்குத் திருப்பும் பேஃபிள் தகடோ அதன் ரப்பர் ஓரமோ விலகியிருக்கும், இல்லாவிட்டால் அந்தச் சிலிண்டரின் இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு இருக்கும். ஆயில் பிரஷர் விழுந்துகொண்டே ஆயில் சூடு ஏறினால் விவாதமே இல்லை, இறங்குங்கள்.

ஸ்டால், செங்குத்துத் திருப்பம், வேக அளவீடு எதுவும் இந்தப் பறப்பில் வேண்டாம். பவர் மாறாமல் இருக்கும் வரை இன்ஜினுக்கு நல்லது, பார்ப்பதற்கு உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

இறங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐடிலில் நீளமாகச் சறுக்கி இறங்கினால் ரிங்குக்கு ஆகாது. பவர் வைத்துத் தாழ்வாக நீளமாக வந்தால் இன்ஜின் நின்றதும் ஓடுபாதை எட்டாது. ஓடுபாதைக்கு மேலேயே அகலமான வட்டங்களில், பவரைப் படிப்படியாகக் குறைத்து இறங்கி, கடைசிச் சுற்றை மட்டும் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, ஃப்ளாப்பை (இறக்கையின் பின்னால் கீழே இறங்கும் தகடு) தாமதமாகப் போடுங்கள். கொஞ்சம் உயரமாக வந்தால் பரவாயில்லை.

அணைத்ததும், சூடு ஆறும் முன்பே கவுலிங்கைக் கழற்றுங்கள். 100எல்எல் விமானப் பெட்ரோல் கசிந்த இடத்தில் நீலக் கறை இருக்கும். எக்ஸாஸ்ட் இணைப்பில் வாயு கசிந்தால் சாம்பல் வெண்மையில் பொடி பூத்திருக்கும். ஆயில் எங்கே தொடங்கியது என்று பார்க்க, ஈரத்தின் மேல் முனையைத் தேடுங்கள். காற்று அதைப் பின்னாலும் கீழேயும் பரப்பியிருக்கும். ஹோஸ் எதன் மேலாவது உரசியிருந்தால் இப்போது பளபளப்பாகத் தெரியும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு இன்டேக், எக்ஸாஸ்ட் நட்டுகளையும் ஹோஸ் கிளாம்புகளையும் திரும்ப முடுக்கிப் பாருங்கள். மர ப்ரொப்பெல்லர் என்றால் அதன் போல்ட்டுகளையும். கேஸ்கட் உட்காரும்போது கொஞ்சம் தளர்வு வரத்தான் செய்யும்.

ஆயிலைப் பொறுத்தவரை, எது ஊற்றுவது என்பதைச் சிலிண்டர் தயாரித்தவரும் ஓவர்ஹால் செய்தவரும் சொல்வதுதான் முடிவு. டர்போ இல்லாத லைகோமிங்கில் பொதுவாகக் கூட்டுப்பொருள் இல்லாத மினரல் ஆயில், 50 மணி நேரம் அல்லது ஆயில் செலவு நிலைப்படும் வரை. முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 10 மணி நேரத்திலேயே மாற்றிவிடுவது என் பழக்கம். கையேடு அனுமதிக்கும் எல்லை 25. கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ஃபில்டர் வெட்டும் கட்டரால் டப்பாவைத் திறந்து, மடிப்புத் தாளை மட்டும் வெட்டி எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். புது இன்ஜினின் முதல் ஃபில்டரில் ஊசிமுனை அளவுள்ள மெல்லிய மினுமினுப்பு இருப்பது சாதாரணம். தாளைப் பெட்ரோலில் அலசி, அந்தப் பெட்ரோலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாதது அலுமினியமோ பேரிங்கின் உலோகமோ. நகத்தில் எடுக்க முடிகிற துண்டு கிடைத்தால் பறப்பதை நிறுத்திவிட்டு ஓவர்ஹால் செய்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டாவது ஃபில்டரில் முதலாவதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

ஆயில் செலவை ஒவ்வொரு பறப்புக்கும் எழுதி வையுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே அளவு நேரம் ஆறவிட்டு அளந்து. லைகோமிங் தரும் உச்ச வரம்புக்கு ஒரு கணக்கு உண்டு: குதிரைத்திறனை 0.006ஆல் பெருக்கி, 4ஆல் பெருக்கி, 7.4ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை குவார்ட் என்று வரும். உங்கள் 160க்கு அது அரை குவார்ட்டுக்குச் சற்று மேல், ஏறக்குறைய அரை லிட்டர். நல்ல இன்ஜின் இதற்கு வெகு கீழே நிற்கும். முதல் சில மணி நேரம் செலவு ஏறுமாறாக இருக்கும், பிறகு ஒரே எண்ணில் நிலைக்கும். அடுத்தடுத்த பறப்புகளில் அந்த எண் மாறாமல் நின்றால் மினரல் ஆயிலை வடித்துவிட்டு வழக்கமான, கூட்டுப்பொருள் சேர்ந்த ஆஷ்லெஸ் டிஸ்பர்சன்ட் ஆயிலுக்குப் போகலாம். 50 மணி நேரம் தாண்டியும் செலவு இறங்கவே இல்லை, பிளக்குகளில் ஆயில் ஈரமாகவே இருக்கிறது என்றால், எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடித்து அதைக் கழற்ற வேண்டியதுதான். இன்னும் பறந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.